அம்மா முக்கிய கதை

எங்கள் அம்மாவுக்கு இருந்த வியாதியை வெளியே சொல்லிவிடலாம். அதற்கான வைத்தியத்தைத்தான் சொல்ல முடியாது.

சும்மா இருக்கும்போதே திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். "இன்னாத்துக்கு இப்டி பயப்படுற?" என்பார் பெங்களூர் ரயிலுக்கு விடியுமுன்பே ஓடும் அப்பா. காபியைக் குறைக்கச் சொன்னாள் அத்தை. ராபர்ட்சன்பேட்டை டாக்டர், படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுத்துப் பார்த்தார். இதயத்துக்குள் மின்சாரம் போகிற வழி போதாதென்று அம்மாவுக்குப் பிறவியிலேயே கூடுதலாக ஒரு வழி இருக்கிறதாம். அதில் மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடுவதால்தான் துடிப்பு தறிகெட்டுப் போகிறதாம். தூக்கம் கெட்டாலோ காபி கூடினாலோ அது கிளம்பும், ஆனால் மூலகாரணம் அந்த வழிதான் என்றார். வந்தால் உடனே உட்கார்ந்து, மூச்சை அடக்கி, கக்கூசில் முக்குவதுபோல முக்க வேண்டும். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும்.

என் ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில், நான் பரிசு வாங்க நிற்கும் நேரம் பார்த்து அது வந்துவிட்டது. அம்மா நாற்காலியை விட்டிறங்கிக் குந்தி, கண்ணை இறுக மூடி, முகம் சிவக்க முக்கினாள். மைதானமே திரும்பிப் பார்த்தது.

"இன்னாடி, உங்கம்மா இங்கயே வெளிக்கு உக்காந்துட்டாங்க?" என்றாள் வரிசையில் என் பின்னால் நின்றவள். என் மானம் கப்பலேறியது.

வீட்டுக்கு வந்து அழுதேன். "இனிமே என்கூட வந்தா அப்டிப் பண்ணாதம்மா. அசிங்கமா கீது."

திட்டுவாள் என்றிருந்தேன். "செரி, பண்ணல," என்றாள்.

இன்று அம்மா நலம். பின்னாளில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் இதயத்திலிருந்த அந்தக் கூடுதல் வழியையே அடைத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த ஆண்டு விழாவுக்கு அடுத்த மாதம், பக்கத்திலிருந்த கோரமண்டலில் நடந்த மாமா கல்யாணத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

கல்யாணத்துக்கு வந்திருந்த என் வகுப்புப் பெண்கள் எதிர்ப் பந்தியில் இருந்தார்கள். பக்கத்தில் அம்மா இலையில் கை வைக்கவில்லை. முந்தானைக்குள் நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது. அவர்கள் பார்த்தபோது சிரித்தாள். பந்தி எழுந்தும் அவள் எழவில்லை.

"நீ போயி வெளையாடு. நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

அன்று முழுக்க அவள் ஒருமுறைகூட முக்கவில்லை. "சரியாப் போச்சாம்மா?" என்று கேட்டேன். பேச மூச்சில்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள். வியாதி ஒழிந்தது என்று சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நான் தோழிகளிடம் குதித்தோடினேன்.