மாடி வீட்டுச் சுவரில் ஒரு விரிசல்

போன ஞாயிறு மதியம், தங்கச் சுரங்க ஊரான எங்கள் ராபர்ட்சன்பேட்டையின் கடைத்தெருவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். கீழே மொபைல் கடை, பேக்கரி. மேலே... வெள்ளைக்காரன் காலத்து மர பால்கனி, வளைவு ஜன்னல். இதே ஊர்க்காரிதான் நான். ஒருநாளாவது மாடியைப் பார்த்திருக்கிறேனா?

"இன்னாக்கா பாக்கறீங்க? மேல வாங்க!"

ஜன்னலில் ஓர் இளம்பெண். மாடி ஏறிப் போனேன். பெயர் ஸ்டெல்லா. கணவருக்கு பெங்களூரில் செக்யூரிட்டி வேலை, அன்றும் டியூட்டி. கூடத்துத் தூளியில் கைக்குழந்தை தூங்கியது.

பக்கத்துச் சுவரில் கூரைவரை ஒரு விரிசல். அதன் குறுக்கே பேப்பர் துண்டுகள் ஒட்டியிருந்தன.

"பேப்பர் கிழிஞ்சா விரிசல் வளருதுன்னு அர்த்தம்க்கா."

கடைசித் துண்டைத் தவிர எல்லாமே கிழிந்திருந்தன.

"அது காலையில ஒட்டினது."

"வேற வீடு பார்க்கலாமேம்மா?"

"மைன்ஸ் மூடி எவ்ளோ வருஷம் ஆச்சு, இன்னா பயம்னு அவரு சிரிக்கிறாரு."

அப்போதுதான் அது வந்தது. காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிந்தது — பூமிக்கு அடியிலிருந்து ஒரே ஒரு குத்து. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. யாரும் தொடாத தூளி மெதுவாக ஆடியது. காலையில் ஒட்டிய பேப்பர் நடுவில் கிழிந்தது.

பழைய சுரங்கத்துக்குள் பாறை நொறுங்கினால் இப்படி அதிரும். எனக்குத் தெரியும். இருந்தும் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"சுரங்கத்துல ஆளுங்க வேலை செஞ்சப்ப, இப்படி அதிர்ந்தா ஷிப்ட் நடக்குதுன்னு நெனைச்சுக்குவாங்களாம்," என்றாள். குரல் தாழ்ந்தது. "இப்ப கீழ யாருமே இல்லியே... யாருக்கா தட்டறது?"

பாறைதான் என்று சொல்லியிருக்கலாம். கிழிந்த பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டெல்லா குழந்தையை வாரி எடுத்தாள். கணவருக்கு போன் போட்டாள். "நான் பங்காருபேட்டை அக்கா வீட்டுக்குப் போறேன். நீ நேரா அங்க வந்துடு." அவ்வளவுதான். பையை நான் தூக்கிக்கொண்டேன்.

தெருவில் எதுவும் மாறவில்லை. பேக்கரிக்காரர் வர்க்கி பிஸ்கட் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப அதிர்ந்துச்சே, தெரியலையா?" என்று கேட்டேன்.

"இன்னாது?" என்றார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நேற்று ஸ்டெல்லா போன் செய்தாள். அவள் அக்கா வீடு தண்டவாளத்தை ஒட்டி.

"இங்கயும் வீடு ஆடுதுக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ரயிலு போறப்ப! ரயிலுதான்னு தெரியுதுல்ல... நிம்மதியா தூங்கறேன்."

கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால்... என் வீடு இன்னும் இந்த ஊரில்தானே இருக்கிறது?