நிமிர்ந்த கொண்டை

பாக்கார் ஆராங் பசாரில் இன்று, கோழியை வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும் வாடை முகத்தில் அடித்ததும், இப்போது வெறும் செம்பனைக் காடாகிவிட்ட சுங்கை லாலாங் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டுப் பின்புறம் எப்போதும் நிறைந்து நின்ற தண்ணீர் வாளி கண்ணுக்குள் வந்துவிட்டது. அப்பா வயண்டோட் கோழி வளர்த்தார். வெள்ளை இறகு ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கரை கட்டிய சீமைக் கோழி. அதற்குக் கொண்டை தலையோடு படிந்திருக்க வேண்டும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கொண்டை நிமிர்ந்திருந்தாலோ கால் வளைந்திருந்தாலோ, அம்மா வேலை செய்த கையுறைத் தொழிற்சாலையில் கழித்துப்போடும் ஓட்டைக் கையுறைக்குச் சொல்லும் சொல்லையே சொல்வார்: "ரிஜெக்." அம்மா வாங்கி வாளியில் அமுக்குவாள். எங்கள் வீட்டில் அது அரிசி களைவதுபோல ஒரு வேலை.

அக்காவைப் பெண் பார்க்கப் பெண்டாங்கிலிருந்து வந்தவர்கள், தேத்தண்ணி நீட்டிய அவள் கையில் படர்ந்திருந்த வெண்திட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். அப்பா வாசலிலேயே நின்றார். அக்கா கிளாஸ்களை எடுத்துக்கொண்டே, "ரிஜெக்லா, அப்பா," என்றாள்.

அடுத்த முறை குஞ்சு பொரித்தபோது, கொண்டை நிமிர்ந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா அந்தக் கொண்டையை விரலால் படியத் தடவிக்கொண்டிருந்தார். அம்மாவும் அதை வாங்கக் கை நீட்டவில்லை. அக்காதான் வந்து அதை வாங்கினாள்.

"சொல்லுங்கப்பா."

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, குஞ்சோடு திட்டுப் படர்ந்த அந்தக் கையை வாளிக்குள் விட்டாள்.