மூன்றாம் அங்கத்துக்காக 880 கிலோமீட்டர்

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு குளிர்காலம். வீதிப் பலகைகளில் மைல் அழிந்து கிலோமீட்டர் வந்த புதிது. எனக்குக் கலியாணம் முடிந்து நாலு மாதம். மெல்பேர்னில் மனைவி மலருக்குத் தாதி வேலை கிடைத்து, முதல் லீவாக நாலு நாள் கொடுத்திருந்தார்கள். சிட்னித் துறைமுகம் பார்க்க வேண்டும் என்றாள். நானும் சிட்னிதான் என்றேன், ஆனால் என் காரணம் வேறு. சனிக்கிழமை மூன்று மணிக்கு அங்கே ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு மண்டபத்தில் ரஷ்ய ஒபரா, முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். சீனா வழியாக வந்து குடியேறிய ரஷ்யக் குடும்பங்கள் சேர்ந்து போடுவது. பெயரைச் சொன்னாலும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இசைத்தட்டாகக்கூட வராதது. மூன்றாம் அங்கத்தில் ஊரே சேர்ந்து பாடும் கோரஸைப் பற்றி எட்டு வருடம் முன்பு ஒரு பழைய புத்தகத்தில் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பித்து.

மெல்பேர்னில் எங்கள் கிளென் வேவர்லி வீட்டில் ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. என்னுடைய ரஷ்ய ஒபரா இசைத்தட்டுகள் ஆறு பெட்டி. முன்னறையில் அவளுடைய தையல் மெஷினுக்கு இடமில்லை. புறப்படும்போது மலர் தீர்ப்பைச் சொன்னாள்.

"இந்த ஒபரா எனக்குப் பிடிக்காட்டில் ஆறு பெட்டியும் கராஜுக்குப் போகும். சரியோ?"

"ஓம்," என்றேன். தோற்பேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

வெள்ளி மாலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். ஹியூம் நெடுஞ்சாலையில் ஆல்பரி வரை ஏறக்குறைய 320 கிலோமீட்டர். மோட்டலுக்குப் பதினாலு டொலர், காலைத் தேநீர் உட்பட. சனி விடிய ஐந்து மணிக்கு மீண்டும் காரில் ஏறினோம். மிச்சம் 560 கிலோமீட்டர், பெரும்பகுதி போக ஒரு தடம், வர ஒரு தடம், முன்னால் எப்போதும் செம்மறி ஏற்றிய ஒரு லொறி.

வழி முழுக்க நான் பேசினேன். அன்று சொன்னதை இன்றும் மாற்றமாட்டேன். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்க்கும் இத்தாலிய ஒபராக்களில் ஒரு காதலன், ஒரு காதலி, கடைசியில் ஒரு சாவு. ஆளரவமில்லாமல் கிடக்கும் ரஷ்ய ஒபராக்களில் ஊர்தான் கதாநாயகன். அறுபது பேர் சேர்ந்து பாடினால்தான் கதை நகரும், அதனால்தான் யாரும் போட முன்வருவதில்லை. மற்ற இடங்களில் ஓரமாக நிற்கும் அடிக்குரல்காரனுக்கு இங்கே அரசன் வேடமும் தகப்பன் வேடமும் கிடைக்கும். பாட்டு பேச்சை விட்டு விலகாது; மொழி தெரியாவிட்டாலும் ஒருவன் கெஞ்சுகிறானா, மிரட்டுகிறானா என்று விளங்கும். அரிதாகப் போடப்படுவது மட்டமானது என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. மலர் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கார்ச் சன்னல் கண்ணாடியை ஒருமுறை ஏற்றினாள், இறக்கினாள்.

பன்னிரண்டரைக்கு, மண்டபத்துக்குப் பக்கத்து ஊரான ஹோம்புஷில் என் ஒன்றுவிட்ட அக்கா வீடு. வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது, எங்களுக்கும் மறுக்கத் தெரியாது. சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய், பருப்பு, பிறகு பாயாசம். மலர் இரண்டு துண்டுப் பாண் மட்டும் எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, சோத்தைச் சாப்பிட்டுப் போட்டு கூத்துப் பாக்கப் போனா நித்திரைதான் வரும். கோயில்ல விடிய விடிய இருக்கிறவை வயித்தை அரைவாசியோட நிப்பாட்டிப் போடுவினம்."

"இது கூத்தில்லை மலர், ஒபரா. நித்திரை வராது."

"என்ன தம்பி, என்ர கறி பிடிக்கேல்லையோ?" என்று அக்கா இன்னொரு அகப்பை போட்டார். பிறகு என்ன செய்வது? சாப்பிட்டேன்.

மண்டபத்தில் நுழைவு மூன்று டொலர். ஒரு பியானோ, நாலு வயலின், ஒரு பக்கக் கதைச்சுருக்கம். அறுபது பேருக்குப் பதிலாக இருபத்தாறு பேர்தான் கோரஸில். கதை இதுதான்: ஆற்றங்கரை ஊர் ஒன்றின் மணியை ஆளுநர் பறிக்க வருகிறார், மணி வார்த்தவனின் மகள் தடுக்கிறாள். முதல் அங்கம் அருமை. இரண்டாம் அங்கத்தில் அடிக்குரல் தகப்பன் பாடும்போது எனக்குக் கண் கலங்கியது. இடைவேளைக்குப் பிறகு விளக்கு அணைந்தது. ஹீட்டர் பக்கத்தில் நல்ல சூடு.

அடுத்து எனக்குத் தெரிந்தது கைதட்டல். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மலரும்தான். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"முடிஞ்சுதோ?"

"ஓம். நல்லாக் குறட்டை விட்டனீங்கள்."

"எழுப்பியிருக்கலாமே!"

"ரெண்டு தரம் இடிச்சனான். பிறகு எனக்கு உங்களைப் பாக்க நேரமில்லை."

எட்டு வருடம் காத்திருந்து, எண்ணூற்றெண்பது கிலோமீட்டர் ஓட்டி வந்து, ஆட்டிறைச்சிக்குத் தோற்றுப்போனேன். என் மேல்தான் எனக்குக் கோபம். ஞாயிறு சேர்குலர் கீ படகுத்துறையிலிருந்து மான்லிக்குப் படகில் போனோம். அரை மணிக்கும் சற்றுக் கூட. துறைமுகம் அழகாகத்தான் இருந்தது.

திங்கள் திரும்பும்போது கோல்பர்ன் தாண்டியதும் மெல்லக் கேட்டேன், மூன்றாம் அங்கத்தில் என்ன நடந்தது என்று. மலர் தொடங்கினாள். மணியை ஏற்றிய படகைச் சனம் கயிறு போட்டு இழுப்பதை, மகள் பாடாமல் நிற்பதை, ஒரு கிழவி மட்டும் முதலில் பாடத் தொடங்க, பிறகு மற்றவர்கள் சேர்ந்ததைச் சொன்னாள். கோரஸைக் கார் டாஷ்போர்டில் தாளம் தட்டிப் பாடியும் காட்டினாள். ஆல்பரி வந்தும் முடியவில்லை. நாலு மாதத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை; நான் இடம் கொடுத்ததுமில்லை. அது அன்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"பெட்டியள் உள்ளுக்கே இருக்கட்டும்," என்றாள் வீட்டு வாசலில். "மெஷினைச் சன்னலடிக்கு வைப்பம்."

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: ஓட்டிப்போன அன்றே ஒபரா பார்க்க உட்காராதீர்கள், ஒரு நாள் முன்னால் போய்ச் சேருங்கள். உறவுக்காரர் வீட்டுக்கு நாடகம் முடிந்த பிறகு போங்கள். ஹீட்டருக்குத் தள்ளி இருங்கள். கூட வருகிறவரைப் போகும் வழியிலேயே கொஞ்சம் பேச விடுங்கள். அரிய ஒபராவென்றால் மறுமுறை என்று ஒன்று இருக்காது.

போன மாதம் மகள் கணினியில் அந்த ஒபராவை முழுதாகக் கண்டுபிடித்துக் கொடுத்தாள், எங்கோ ஒரு ரஷ்ய ஊரில் போட்டதாம். முன்னறையில் உட்கார்ந்து முதல் இரண்டு அங்கமும் பார்த்தேன். மூன்றாவது தொடங்க நிறுத்திவிட்டு, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மலரைக் கூப்பிட்டேன்.

"வந்து இரும். இனி நீர் சொல்லும்."