நெஞ்சில் நீர் கோத்தால்...

"நீர் கோத்திருக்குன்னா சளிதானே தம்பி? எல்லாரும் அப்படித்தானே சொல்லுவோம்?"

போன வாரம் அன்னவாசலில், மச்சானின் கருமாதி முடிந்து உறவுக்கூட்டம் கலைந்த பிறகு அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது.

நியாயமான கேள்விதான். தலைக்குக் குளித்துவிட்டுச் சரியாகத் துவட்டவில்லையா? நீர் கோத்துக்கும். மண்டை கனக்கிறதா? நீர் கோத்திருக்கு. இதற்கெல்லாம் நம் பக்கத்தில் யார் பயப்படுகிறார்கள்?

சில மாதங்களுக்கு முன் மச்சானுக்கு மூச்சு வாங்கியது. புதுக்கோட்டையில் ஸ்கேன் பார்த்த டாக்டர், பாவம், பொறுமையாகத்தான் சொல்லியிருக்கிறார் – நுரையீரலைச் சுற்றி இரண்டு ஜவ்வு உண்டு, இடையில் நீர் கோத்திருக்கிறது, எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும், தஞ்சாவூர் போங்கள் என்று. அக்காவின் காதில் விழுந்தது நடுவில் இருந்த இரண்டு வார்த்தைதான். அப்பாடா என்று மச்சானைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலமே நொச்சி இலை கொதித்தது. நீர்க்கோவை மாத்திரையை உரசி நெற்றியில் பற்று. தயிருக்குத் தடை. மச்சான் மறுபேச்சு இல்லாமல் போர்வைக்குள் ஆவி பிடித்தார். படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்த பிறகுதான் தஞ்சாவூர். அந்த ஜவ்விலேயே புற்றுநோய்... முற்றியிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால்?

எனக்கு ஒரு சந்தேகம். மச்சான் ரிட்டயர் ஆகும்வரை ஸ்கூலில் விலங்கியல் வாத்தியார். அந்த ஜவ்வை எத்தனை தடவை போர்டில் வரைந்திருப்பார்! அவருக்கா தெரியாது? ஆஸ்பத்திரியில் தனியாக இருந்தபோது கேட்டேவிட்டேன்.

"தெரியும் மாப்ள. ஒங்க அக்கா அன்னைக்கு அம்புட்டு சந்தோஷமா வந்தா. கெடுக்க மனசு வரல. ரெண்டு நாள் போகட்டும், ரெண்டு நாள் போகட்டும்னு தள்ளிட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக் கத்த முடியவில்லை. வெளியே வந்து அழுதேன்.

அந்த ஜவ்வுகளுக்கு நடுவே எப்போதும் துளி நீர் இருக்குமாம். நுரையீரல் உரசாமல் அசைய அது வேண்டுமாம். குடும்பமும் அப்படித்தானே... சொல்லாமல் விட்ட நாலு விஷயம் இருப்பதால்தான் உரசாமல் ஓடுகிறது. அளவு மீறினால்?

தன் அறியாமைதான் மச்சானைக் கொன்றுவிட்டது என்று அக்கா மருகிக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்று உடைத்துச் சொல்லிவிட்டேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன்.

அக்கா கேட்டது வேறு.

"அப்ப அத்தனை நாளும் அவர் தனியாவா பயந்துக்கிட்டு இருந்தாரு? நான் பக்கத்துலதானே இருந்தேன்..."

டாக்டர் சொன்னதை வீட்டில் சொல்லிவிடுங்கள் சார். சேர்ந்து பயப்படவும் ஓர் ஆள் வேண்டும்.