வெந்நீரில் இறங்காத அப்பா

எங்கள் வீட்டில் இலவசமாக வந்த எதையும் வேண்டாமென்று சொன்ன சரித்திரம் கிடையாது. அப்படியிருந்தும் அந்தப் பரிசு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் வேலைபார்த்த முதியோர் இல்லத்தில் கிறிஸ்மஸுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். மூன்றாம் பரிசு மைக்ரோவேவ். அம்மா சீட்டு வாங்கியதே அதற்காகத்தான், விழுந்ததோ முதற்பரிசு. லண்டனிலிருந்து நாலு மணி நேரம் வடக்கே, மலைப்பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு பெரிய ஹோட்டலில் குடும்பமாக மூன்று இரவு தங்கலாம் என்று தடித்த அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். மைக்ரோவேவ் விழுந்த பெண்ணிடம் மாற்றிக்கொள்வோமா என்று அம்மா கேட்டும் பார்த்தார். அந்தப் பெண்ணுக்குப் புத்தி இருந்தது, மாட்டேன் என்றுவிட்டாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில், வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. நான் ஒரே பிள்ளை. மேல்மாடியின் சின்ன அறையில், படிக்க வந்த ஓர் அண்ணை வாடகைக்கு இருந்தார். இவ்வளவு பேர்தான் வீட்டில். ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் அதிகம் இடம் பிடித்திருந்தவர், அங்கே இல்லாத சித்தப்பாதான்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. களவாக ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்டுக்குப் பின்னால் லண்டனுக்கென்று கொழும்பிலிருந்து புறப்பட்டு, மொஸ்கோவிலிருந்து ஒருமுறை போன் எடுத்தார். "நாளைக்கு எங்களை ஏத்துறாங்களாம் அண்ணை" என்றாராம். அதன்பிறகு ஏழு மாதமாக ஒரு சத்தமும் இல்லை. அதே கூட்டத்தில் வந்து ஜெர்மனியில் சேர்ந்த ஒரு பெடியன், வழியில் ஆறு ஒன்றைக் கடந்தபோது நாலைந்து பேரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது என்று சொன்னானாம். யார் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. மனோர் பார்க்கில் இருந்த, அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் போன் எடுத்து, இனிச் செய்யவேண்டிய கிரியைகளைச் செய்துவிடுவதுதான் முறை என்று புத்தி சொன்னார். அப்பா ரிசீவரை வைத்தார். அந்த மனிதரோடு பேசுவதையும் அன்றோடு நிறுத்தினார்.

அதற்குப் பதிலாக அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய், சித்தப்பாவின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வித்தார். அர்ச்சனை உயிரோடிருப்பவர்களுக்குத்தான் செய்வது. ஐயர் அந்தப் பெயரைச் சொல்லும்வரை சித்தப்பா இருக்கிறார் என்பது அப்பாவின் கணக்கு. மற்ற நேரமெல்லாம் அவர் போனுக்குப் பக்கத்தில் இருந்தார். அதனால் ஈஸ்டர் விடுமுறைக்கு அந்த ஹோட்டலுக்குப் போவதற்கு அவரைச் சம்மதிக்க வைக்க அம்மா படாத பாடுபட்டார். கடைசியில் மேல்மாடி அண்ணையைப் போனுக்குக் காவல் வைத்துவிட்டுப் புறப்படுவது என்று தீர்மானமானது. குளிக்கும்போதுகூட அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிக்கவேண்டும் என்பது அப்பா போட்ட நிபந்தனை. அந்த அண்ணையும் பாவம், ஓம் என்றார்.

எங்களுடைய பழைய நீலக் காரில் புட்டும் மீன் பொரியலும் சம்பலுமாகப் போய் இறங்கினோம். வரவேற்பறையில் கொடுத்த புத்தகத்தை அம்மா தன் இங்கிலிஷில் எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு சந்தோஷமாக நிமிர்ந்தார். "இஞ்சருங்கோ, இது வெந்நீரூற்றாம். நிலத்துக்குள்ளை இருந்து சுடுதண்ணி வருதாம்!"

அப்பா பையைக் கீழே வைத்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். அம்மா தனக்கே இப்போதுதான் தெரியும் என்றார்.  அப்பா பொதுத் தொலைபேசி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

அந்த வெந்நீரைப் பற்றி உள்ளதைச் சொல்லவேண்டும். அது வெந்நீரே இல்லை. குழந்தைக்கு வார்க்கக் கலந்துவைத்துவிட்டு மறந்துபோன தண்ணீர் என்ன சூட்டில் இருக்குமோ, அந்தச் சூடுதான். கண்ணாடிக் கூரைக்குக் கீழே நீலக் கல் பதித்த தடாகம். குளோரின் மூக்கைத் துளைத்தது. எல்லோரும் ரப்பர் தொப்பி போடவேண்டும் என்று சட்டம். அந்தத் தொப்பிகளோடு ஓய்வூதியக்காரர்கள் கழுத்தளவு தண்ணீரில் அசையாமல் நின்றார்கள். அவர்களுக்கு என்ன நோய் தீர்ந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. காலைச் சாப்பாட்டில் எங்களுக்கு உதவக்கூடியதாக இருந்தது ரொட்டியும் ஜாமும்தான். அறைக்குள் அம்மா பொரியலைத் திறந்ததும், நடையில் போனவர்கள் நின்று நின்று போனார்கள்.

ஆனாலும் அம்மாவை அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. டீ-ஷர்ட்டோடு இறங்க வந்தவரைக் காவலுக்கு நின்ற பெண் தடுத்து, ஒரு நீச்சலுடையை இரவலாகக் கொடுத்தாள். அம்மா அதைப் போட்டுக்கொண்டு, மேலே இரண்டு டவல் சுற்றி, தண்ணீரின் ஓரம்வரை வந்து, சட்டென்று டவல்களை எறிந்துவிட்டு உள்ளே அமிழ்ந்தார். அதன்பிறகு வெளியே வரச் சம்மதிக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி காலை அடித்தடித்துச் சிரித்தார். முதியோரைத் தூக்கித் தூக்கி உளைந்த முதுகுக்கு அந்த ஆறிய தண்ணீரே போதுமாக இருந்தது.

அப்பா மட்டும் இறங்கவில்லை. வாசலை ஒட்டிப் போட்டிருந்த வெள்ளை பிளாஸ்டிக் கதிரையில், மண்ணிறச் சுவெட்டரோடு, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் வீட்டுக்குப் போன் எடுத்துவிட்டு வந்து, அதே கதிரையில் இருந்தார். காலைக்கூட நனைக்கவில்லை. என்னோடு விளையாடிய ஓர் இங்கிலிஷ் பிள்ளை, உன் அப்பாவுக்குத் தண்ணீர் என்றால் பயமா என்று கேட்டது. அவளுடைய அப்பா அவளைத் தூக்கித் தூக்கித் தண்ணீருக்குள் எறிந்துகொண்டிருந்தார். எனக்கு மானம் போனது.

அப்பா இறங்காததற்கான காரணத்தை அம்மா எனக்குச் சொன்னது பதினைந்து வருடம் கழித்து. என் முதல் சம்பளத்தில் அவர்களை இன்னொரு வெந்நீர் விடுதிக்கு அனுப்பப்போகிறேன் என்று நான் பெருமையடித்தபோதுதான் சொன்னார். அப்பா திருகோணமலைக்காரர். அந்த ஊரில் வெந்நீரூற்று என்றால் கன்னியா. ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. பிக்னிக் போய்க் குளித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. ஆனால் செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து முழுகுவதும் அங்கேதான். அப்பாவின் தகப்பனார் இறந்தபோது அப்பாவுக்குப் பத்தொன்பது வயது, சித்தப்பாவுக்குப் பன்னிரண்டு. ஏழு கிணற்றிலும் அள்ளி அள்ளி வார்த்தார்களாம். சூடு தாங்காமல் துள்ளிய தம்பியைப் பிடித்து நிறுத்தி, அவன் தலையிலும் அப்பாதான் வார்த்தாராம். அதன்பிறகு அவருக்கு வெந்நீரூற்றில் முழுகுவதற்கு ஒரே அர்த்தம்தான்: ஒருவர் இனி இல்லை என்று ஒத்துக்கொள்வது. மனோர் பார்க் அண்ணன் சொல்லியும் செய்யாததை, மைக்ரோவேவுக்குப் பதில் கிடைத்த ஒரு பரிசுக்காக அவர் செய்வாரா?

இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அப்பா விளையாடத் தெரியாத மனிதர் என்பது. இரண்டாம் நாள் மத்தியானம் நான் ஒரு திட்டம் போட்டேன். தண்ணீரிலிருந்து ஏறி, ஓரத்தில் நின்று நடுங்குவது மாதிரி நடித்து, "அப்பா, டவல்!" என்று கத்தினேன். நான் கூப்பிட்டால் வராமல் இருக்க அவருக்குத் தெரியாது. டவலை விரித்துக்கொண்டு, ஈரக்கல் வழுக்கிவிடும் என்று பார்த்துப் பார்த்துக் கால்வைத்து ஓரத்துக்கு வந்தார். டவலை என் தோளில் போட்டுவிட்டு அவர் திரும்பிய நேரத்தில், இரண்டு கையாலும் என் பலமெல்லாம் சேர்த்துத் தள்ளினேன்.

பெரிய சத்தத்தோடு விழுந்தார். தலை முழுக்க உள்ளே போனது. தண்ணீர் அவருக்கு நெஞ்சளவுதான், எழுந்து நின்றார். இங்கிலிஷ் பிள்ளை கைதட்டியது. நானும் சிரித்தேன். அப்பா முகத்திலிருந்து தண்ணீரைத் துடைக்காமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஓடியிருப்பேன்.

"ஏன் பிள்ளை தள்ளினனீ?" என்றார், மெதுவாக.

அம்மாவின் சிரிப்பும் நின்றுபோனது. அப்பா படியேறி, சொட்டச் சொட்ட அறைக்கு நடந்தார். குளியலறைக் கதவைச் சாத்தினார். பச்சைத் தண்ணீரைப் பல் விளக்கும் குவளையால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றுவது வெளியே கேட்டது. நெடுநேரம் ஊற்றினார். பிறகு உடுப்பு மாற்றிக்கொண்டு போன் எடுக்கப் போனார். திரும்பி வந்து, வீட்டுக்குப் போவோம் என்றார். இன்னும் இரண்டு இரவு இருந்தது. இலவசத்தைப் பாதியில் விடாத அம்மா, மறுபேச்சில்லாமல் பையை அடுக்கினார்.

 காரில் வரும் வழியில் அம்மா, "பிள்ளை விளையாட்டுக்குத்தானே செய்தவள்" என்றார். "அது எனக்குத் தெரியாதோ?" என்றார் அப்பா. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில் கடிகாரம் தெரிந்தது. கண்ணாடிக்குள் ஆவி படிந்து, இரண்டு மணி பத்தில் முட்கள் நின்றுபோயிருந்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது, குற்றம் அதுதான் என்று. கடிகாரத்தைக் கெடுத்துவிட்டேன்.

அடுத்த ஒன்பது நாளும் நான் மிக நல்ல பிள்ளையாக இருந்தேன். கேட்காமலே தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா வாங்கிக் குடித்தார், தலையைத் தடவினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இடையில் வந்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயர் பெயர் கேட்டபோது, அப்பா வழக்கம்போல் உடனே சொல்லவில்லை. அம்மாதான் சித்தப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் உரத்துச் சொன்னார். அந்த ஓடாத கடிகாரத்தை அப்பா கழற்றவுமில்லை, கடையில் கொடுக்கவுமில்லை. என்னைத் தண்டிக்கத்தான் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் காலை போன் அடித்தது. நான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். காவல் இன்னும் முடியாத மேல்மாடி அண்ணைதான் ஓடிப்போய் எடுத்தார். எடுத்தவர் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "அண்ணை! ஓடி வாங்கோ! தம்பி! உங்கடை தம்பி!"

அப்பா பாதி முகத்தில் சவர நுரையோடு படிகளில் விழுந்தடித்து வந்தார். சித்தப்பா ஆற்றுப் பக்கமே போகவில்லை. அதற்கு முன்னமே பிடிபட்டு, ஏதோ ஒரு நாட்டில், போன் இல்லாத ஒரு சிறையில் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறார். முந்தின நாள்தான் வெளியே விட்டார்களாம். இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அப்பா அந்த ரிசீவருக்குள் சொன்னது ஒன்றுதான்: "சாப்பிட்டியோடா?" அதையே மூன்று தரம் கேட்டார். அம்மா சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார். ஏழு மாதம் எங்கள் வீட்டில் யாருமே ஒழுங்காக மூச்சுவிடவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

ரிசீவரை வைத்ததும் அப்பா என்னைத் தூக்கினார். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூக்கி, என் தலைமயிரெல்லாம் நுரை அப்ப, "ஒண்டும் நடக்கேல்லை பிள்ளை, ஒண்டும் நடக்கேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடிகாரத்தை மன்னித்துவிட்டார் என்று எனக்கும் ஒரே சந்தோஷம். அவரைவிட நான்தான் கூட அழுதேன்.

கோடையில் சித்தப்பா எப்படியோ லண்டன் வந்து சேர்ந்தார். மெலிந்து, முன்பல் ஒன்று இல்லாமல் வந்தார். அம்மா அவரைத் தேற்றுவதற்குச் சமைத்தது ஒருபக்கம். இன்னொரு பக்கம் அந்த ஹோட்டலுக்கு ஒரு கடிதமும் எழுதினார். மூன்று இரவுப் பரிசில் ஓர் இரவுதான் இருந்தோம், மிகுதி இரண்டு இரவும் எங்களுக்கு உரியது என்று. அவர்களும் நாகரிகமானவர்கள். ஒக்டோபர் பள்ளி விடுமுறையில், கூட்டமில்லாத கிழமை நாட்களில் வரலாம் என்று பதில் போட்டார்கள்.

நாலு பேராகப் போனோம். அதே ஆறிய தண்ணீர், அதே தொப்பிகள். சித்தப்பா இறங்கினார். "இதென்ன அண்ணை, கன்னியாவிலை கால் வைக்கேலாது. இது தேத்தண்ணிக்கும் காணாது" என்றார். அம்மா கம்பியைப் பிடித்துக் காலடிக்கத் தொடங்கினார். நான் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பட்டது போதும் என்று யாரையும் தொடாமல் நின்றேன்.

அப்பா இரவல் நீச்சலுடை ஒன்றில், குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்து, முதுகைக் காட்டி, தண்ணீரைப் பார்த்து நின்றார்.

"இப்ப தள்ளு பிள்ளை."

நான் மாட்டேன் என்றேன். இது ஏதோ பரீட்சை என்று பட்டது. "பயப்பிடாதை. தள்ளு" என்றார் மறுபடியும். தண்ணீருக்குள் நின்ற சித்தப்பா எதற்கென்று தெரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தார். அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்; காலடிப்பதை நிறுத்திவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஒரு விரலால் தள்ளினேன். அப்பா அசையவில்லை. காத்துக்கொண்டு நின்றார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளினேன்.

கூரை அதிர விழுந்தார். தம்பிக்குப் பக்கத்தில் எழுந்து, இருமி, மூக்கால் தண்ணீர் வழியச் சிரித்தார். அப்பாவுக்கு ஒருவழியாக விளையாடப் பழகிவிட்டது என்று நினைத்தேன். அவர் எனக்காகத்தான் விழுந்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவருடைய கையில் அந்த ஓடாத கடிகாரம் அப்படியே இருந்தது. ஐயோ அப்பா, மணிக்கூட்டைக் கழற்றேல்லை என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன்.