சுத்தமான வீட்டுக்குப் புகைக்கூண்டு எதற்கு?

என் வீட்டுக்காரர் ஒரு நாளும் துடைப்பத்தைக் கையால் தொட்டதில்லை. ஆனால் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்பதில் அவருக்குத் தெரியாதது கிடையாது. எழுபதுகளில் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். அவர் தேயிலைச் செடியைக் கழித்துவிடுகிற கவ்வாத்து வேலைக்குப் போவார், நான் கொழுந்து பறிக்கப் போவேன். சாயந்திரம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் வீடு திரும்புவோம். நான் அடுப்பு முன்னால் உட்காருவேன், அவர் வாரப் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்காருவார்.

பத்திரிகை எங்கள் காசில் வாங்கியதில்லை. எஸ்டேட் கிளார்க் வீட்டில் எல்லாரும் படித்து முடித்து, மாதக்கணக்கில் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்து, கடைசியில் பழைய பேப்பராகக் கொடுப்பார்கள். அதில் பெண்களுக்கென்று ஒரு பக்கம் வரும். குறைந்த உழைப்பில் வீட்டைப் பளபளப்பாக வைக்க யோசனைகள். பட்டணத்தில் எந்த அம்மாள் எழுதினாளோ, மகராசி நன்றாக இருக்கட்டும். கண்ணாடி அலமாரியை எப்படித் துடைப்பது, பீங்கான் கோப்பையில் கறை எடுப்பது எப்படி, சோபா உறையில் மை கொட்டினால் என்ன செய்வது. எங்கள் வீட்டில் கண்ணாடி என்று இருந்தது ஆணியில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியும் அரிக்கேன் விளக்கும்தான். அதற்காக அவர் விட்டுவிடுவாரா என்ன?

"இங்க பாரு புள்ள, ஈரத் தேயிலைச் சக்கையத் தரையில தூவிப் பெருக்குனா தூசியே பறக்காதாம்," என்று ஒரு நாள் படித்துச் சொன்னார். தேயிலைச் சக்கைக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? தூவினேன். துடைப்பத்தை எடுத்து வருவதற்குள் சின்னவன் அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் ஓடிவிட்டான். சிமெண்டுத் தரை முழுக்கப் பழுப்புக் காலடி. தூசி பறக்கவில்லை, உண்மைதான். நான்தான் தேங்காய் நாரை வைத்துக்கொண்டு முட்டிபோட்டுத் தேய்த்தேன். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொரு நாள், பாத்திரத்தின் அடியில் மண்ணைக் குழைத்துப் பூசி அடுப்பில் ஏற்றினால் கரியைச் சுலபமாகக் கழுவிவிடலாம் என்று கண்டுபிடித்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் அவர் கண் முன்னால் நான் செய்துகொண்டிருந்த வேலை அது. "அப்படியா? அடேயப்பா!" என்றேன். வேறென்ன சொல்ல?

எங்கள் குடியிருப்பை லயம் என்போம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஆளுக்கு ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. அதனால் ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள். அடுப்படியில் புகை போக வழியே கிடையாது. விறகு யூக்கலிப்டஸ். மழைக்காலத்தில் அது எப்போதும் ஈரம், மூணாறிலோ எப்போதும் மழைக்காலம். விடியுமுன் ஒரு தடவை, பொழுது சாய்ந்தபின் ஒரு தடவை என்று அந்தப் புகையை நான் தின்றேன். இருமல் வந்தது. முதலில் மழைக்கு வந்த இருமல் என்றார்கள். மழை விட்டது, இருமல் விடவில்லை. கொழுந்துக் கூடையோடு மேடேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். பிள்ளைகள் இரண்டும் சின்னஞ்சிறிசு. எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

எஸ்டேட் டாக்டர் மருந்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, புகையில் உட்காராதே என்றார். அடுப்புக்கு எதிரே உட்காராமல் சோறு பொங்குகிற வித்தையை அவரும் சொல்லவில்லை, பெண்கள் பக்கத்திலும் வரவில்லை. அடுப்படிக் கூரையைத் துளைத்து ஒரு தகரப் புகைக்கூண்டு வைத்தால் போதும். வைத்துத் தரச் சொல்லி எஸ்டேட்டில் கேட்டிருந்தோம். எல்லா லயத்துக்கும் வைக்கத் தகரம் வரவில்லை, வெல்ஃபேர் ஆபீஸர் வந்து பார்த்து, ரொம்பத் தேவையான வீடுகளுக்கு மட்டும் எழுதுவார் என்று பதில் வந்தது.

இதற்கு நடுவில் எங்கள் வீட்டு விஞ்ஞானி சும்மா இருப்பாரா? பத்திரிகையிலும் இல்லாத, சொந்த மூளையில் உதித்த ஒரு யோசனையைச் செய்து காட்டினார். மைதாப் பசை காய்ச்சி, படித்து முடித்த பத்திரிகைத் தாள்களை அடுப்படிச் சுவர் முழுக்க ஒட்டச் சொன்னார். கரியெல்லாம் தாளில் பிடிக்கும், கறுத்ததும் உரித்துப் போட்டுவிட்டுப் புதுசு ஒட்டலாம், சுவரைத் தேய்க்கவே வேண்டாம். 'ஒட்டச் சொன்னார்' என்பதைக் கவனியுங்கள். ஒட்டினேன். பசை வாசத்துக்கு எஸ்டேட்டில் உள்ள கரப்பான் பூச்சியெல்லாம் குடும்பத்தோடு வந்து சேர்ந்தது. மற்றபடி யோசனை பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்பு எரியும்போது நான் சுவரைப் படிப்பேன். 'கரிக்கறையைப் போக்க எளிய வழி' என்று ஒரு தலைப்பு இருந்தது. அந்த எளிய வழி என்ன என்று படிப்பதற்குள் கரி அதை மூடிவிட்டது.

ஆபீஸர் வரும் நாளும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் வந்தால் லயத்தில் கோழிகளைத்தான் பார்க்கலாம். அன்றைக்கே வருஷா வருஷம் நடக்கிற சுத்தப் போட்டியும் உண்டு. லயத்திலேயே சுத்தமான வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம் பரிசு. ஒரே ஆள், ஒரே வருகை, இரண்டு வேலை. ஒரு கண்ணால் சுத்தம் பார்ப்பார், மறு கண்ணால் புகை பார்ப்பார்.

குடம் என்று கேட்டதும் லயத்துப் பெண்கள் தலைகால் தெரியாமல் வேலையில் இறங்கினோம். எனக்கும் ஆசைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? கிழிந்த கோரைப்பாய், ஓட்டை வாளி, அழுக்குத் துணி எல்லாவற்றையும் போர்வையில் மூட்டையாகக் கட்டி வைத்துக்கொள்வோம். ஆபீஸர் ஒரு வீட்டைப் பார்த்து முடித்து முன்வாசல் வழியாக வெளியே வந்ததும், அடுத்த வீட்டு மூட்டை பின்வாசல் வழியாக அந்த வீட்டுக்குள் போய்விடும். வருஷா வருஷம் நடக்கிறது இது. எந்த ஆபீஸரும் எங்கள் லயத்தில் ஒரு கந்தலைக்கூடப் பார்த்தது கிடையாது.

முந்தின நாள் என் வீட்டுக்காரர் உத்தரவு மேல் உத்தரவாகப் போட்டார். சுவர்த் தாள்களை உரிக்கச் சொன்னார். உரித்தேன். உள்ளே சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. கம்பு நுனியில் ஈரச் சாக்கைக் கட்டிக் கூரைத் தகரத்தைத் துடைக்கச் சொன்னார். கரி கண்ணில் விழ விழத் துடைத்தேன். பிறகு சொன்னாரே ஒன்று: "நாளைக்குக் காலையில இருந்து அடுப்பப் பத்த வைக்காத. சுவரு கறுத்துரும். பிள்ளைகளுக்கு பன் வாங்கிக் குடுத்துக்கலாம்."

"புகைக்கூண்டு கேட்டிருக்கோமே. புகையே இல்லாட்டி எப்படிங்க குடுப்பாரு?" என்றேன்.

"ஒனக்கு ஒன்னும் தெரியாது. மொதல்ல நல்ல பேர் வாங்கணும். நல்ல பேர் வாங்கிட்டா கேட்டது தானா வரும். இன்னொன்னு, சார் முன்னாடி இருமித் தொலச்சிராத. நோய்க்கார வீடுன்னு நெனச்சிருவாரு."

இருமலை அடக்கப் பனங்கற்கண்டு வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த நல்ல பேரும் குடமும் என் கண்ணையும் மறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாரல் மழை. ஆபீஸர் மலையாளி, சின்ன வயசு, வெள்ளைச் சட்டை. பக்கத்து வீட்டு மதினி வீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். என் மூட்டை அதற்குள் பின்வழியாக மதினி வீட்டுக்குக் குடிபோய்விட்டது. நான் கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு வணக்கம் வைத்தேன்.

"கொள்ளாமல்லோ! நல்ல வீடு," என்றார் ஆபீஸர். விளக்குக் கண்ணாடியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். கண்ணாடிக்கு நியூஸ் பேப்பரும் சாம்பலும் சார், பித்தளைக்குப் புளி சார், தரைக்குத் தேயிலைச் சக்கை சார். எல்லாவற்றையும் தன் கையாலேயே தேய்த்தவர் போலப் பேசினார்.

அடுப்படிக்குள் தலையை நீட்டினார் ஆபீஸர். வெள்ளைச் சுவர், துடைத்த தகரம், மெழுகிக் கோலம் போட்ட அடுப்பு. "புகைக்கூண்டு வேணும்னு கேட்டது இந்த வீடு தானே? இவிடெ எந்தினா, எதுக்கு? கரி இல்ல, புகை இல்ல. தகர ஷீட் கொஞ்சமே உள்ளு. கஷ்டப்படுறவங்களுக்குக் கொடுக்கணும், கேட்டோ?"

என் வீட்டுக்காரர் இளித்தார். "ஆமா சார். நாங்க எப்பவும் இப்பிடித்தான் வச்சுக்கறது."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வாயிலிருந்த கற்கண்டு கசந்தது. என் கையால் என் நெஞ்சில் உள்ள புகையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடைத்துப்போட்டிருக்கிறேன். இவர் நல்ல பேர் வாங்கிவிட்டார், நான் இருமிக்கொண்டே போய்ச் சேர வேண்டியதுதான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மேலும் வந்தது, என் மேலும் வந்தது. ஆபீஸர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பத் திரும்பினார்.

"சார், குளிர்ல வந்திருக்கீக. ஒரு கட்டன்சாயா குடிச்சிட்டுத்தான் போகணும். குடிக்காமப் போனா எங்களக் கேவலமா நெனக்கிறதா அர்த்தம்," என்றேன்.

தேயிலை எஸ்டேட்டில் ஒரு வீட்டில் டீயை மறுத்துவிட்டு யாரும் போக முடியாது. ஆபீஸர் தயங்கினார், பிறகு சிரித்தார். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே என்னை எரித்தார். நான் அடுப்படி வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு ஆபீஸரை உட்கார வைத்தேன். முன்கதவைச் சாத்தினேன், பின்கதவைச் சாத்தினேன், ஜன்னலையும் சாத்தினேன்.

"எதுக்கும்மா கதவு?" என்றார்.

"சாரல் அடிக்குது சார். சட்டை நனஞ்சிரும்."

மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றி, இருந்ததிலேயே ஈர விறகாகப் பார்த்து வைத்தேன். ஊதுகுழலை எடுத்து ஊதினேன். தினமும் என்னைப் பாடாய்ப் படுத்துகிற விறகு, அன்றைக்கு என்னை ஏமாற்றவில்லை. முதலில் கோலம் மறைந்தது, பிறகு சுவர் மறைந்தது, பிறகு என் வீட்டுக்காரர் மறைந்தார். நான் கற்கண்டைத் துப்பிவிட்டு ஆசைதீர இருமினேன். கூடவே ஆபீஸரும் இருமத் தொடங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஓடியது அவருக்கு.

"கதவு... கதவு..." என்று எழுந்தார்.

"இருங்க சார், இந்தா தண்ணி கொதிச்சிரும்."

"தினமும் இங்ஙனயாணோ?"

"இல்ல சார். இன்னைக்கு நீங்க வந்திருக்கீகன்னு கொஞ்சம் கம்மி."

கதவை அவரே திறந்துகொண்டு மழையில் போய் நின்றார். நான் டீயை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாவம், நல்ல மனுஷன். கண்ணைத் துடைத்துக்கொண்டு முழுசாகக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தை ஒரு தடவை சரியாகப் பார்த்தார். "புகைக்கூண்டு வரும்," என்றார்.

குடம் மதினிக்குப் போனது. என் மூட்டை உள்ளே இருந்த வீட்டுக்கு முதல் பரிசு! என் வீட்டுக்காரர் ஒரு மாசம் புலம்பினார். கையில் வந்த எவர்சில்வர் குடத்தைப் புகையில் விட்டுவிட்டேனாம். சுவரெல்லாம் மறுபடி கரியாம். "அதுக்கென்னங்க, பத்திரிகையில பாத்து ஒரு யோசன சொல்லுங்க," என்றேன்.

மழை குறைந்ததும் ஆள் வந்து கூரையைத் துளைத்துப் புகைக்கூண்டு வைத்தான். முதல் நாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, புகை சுருண்டு மேலே போவதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ரசத்தைக் கொதிக்க விட்டுவிட்டேன். அதன் பிறகு இருமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

சில நாள் கழித்து ஒரு காலை. யாரோ கதவைப் போட்டு இடித்தார்கள். கண்ணைத் திறந்தால் நன்றாக வெளுத்திருந்தது. வேலைக்குப் பேர் கொடுக்கிற நேரம் தாண்டியே போயிருந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், லயத்தில் வேறெந்த வீட்டிலும் சத்தமில்லை. எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். மதினி அவிழ்ந்த கூந்தலோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! தினமும் விடியக்காலம் உன் இருமல் கேட்டுத்தான் இந்த லயமே எந்திரிக்கும். இன்னைக்கு சத்தமே இல்ல. போயிட்டியோன்னு நெனச்சிட்டேன்டி," என்று அழுதாள்.

"சாகல மதினி," என்றேன். "தூங்கிட்டேன்."