தறி நின்ற பிறகு கேட்ட குரல்

திருப்பதி மருத்துவமனையில் எலும்புப் பிரிவுக்குப் போகும் நடையில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் வந்து போர்வையை விலக்கி என் தந்தையின் கால்களைப் பார்த்தார். வலது கால் இடது காலைவிடச் சற்றுக் குட்டையாகியிருந்தது. பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. எப்படி விழுந்தார் என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"எந்தசேப்பு கிந்த உன்னாரு?"

எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்று தெலுங்கில் கேட்கிறார். ஏழு மணி நேரம் என்றேன். அதுவரை அதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வயதான தாயையோ தந்தையையோ ஓர் ஊரில் விட்டுவிட்டு இன்னோர் ஊரில் பிழைப்பவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நடந்ததைச் சொல்ல முடியும்.

நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். சித்தூர், பாகாலா, திருப்பதி என்று அதே சாலையில் முப்பது வருடம் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான நகரிக்குப் போனார். அம்மா இறந்த பிறகும் அங்கேயே இருந்தார். விழுந்தபோது அவருக்கு எண்பத்தாறு வயது. தம்பி குவைத்துக்குப் போயிருந்தான். நானும் என் கணவரும் திருப்பதியில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தோம். அப்போது தெருவுக்கு இரண்டு பூத் முளைத்துக்கொண்டிருந்த காலம். தம்பி வற்புறுத்தி நைனா வீட்டுக்கும் டெலிபோன் இணைப்பு வாங்கிக் கொடுத்திருந்தான். வெள்ளிக்கிழமை அவன் பேசுவான். செவ்வாயும் சனியும் நான் பேசுவேன். போன் இருக்கிறது, இனி பயமில்லை என்று மூன்று பேருமே நம்பினோம்.

எங்களிடம் வந்துவிடும்படி பல தடவை கூப்பிட்டிருக்கிறேன். தினமும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய், வந்து போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காராவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. அதனால் வர மறுத்தார். நானும் விட்டுவிட்டேன். விட்டதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்குக் கட்டிலிலிருந்து எழுந்து நின்றிருக்கிறார். கண் இருட்டியிருக்கிறது. கட்டிலுக்கும் பின்கதவுக்கும் நடுவே விழுந்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு நான் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். பத்தரைக்கு மறுபடியும் செய்தேன். சலூனுக்குப் போயிருப்பார். பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை. வெளியே எங்காவது துன்னுட்டுத் தூங்கியிருப்பார், காது மந்தம் வேறு. கடைசியாக மூன்று மணிக்குச் சற்று முன். அதற்குள் பூத்தில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், வைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் காரணத்தை நானே உண்டாக்கிக்கொண்டேன். எல்லாமே நம்பக்கூடிய காரணங்கள்தான்.

நகரியில் அந்தத் தெரு முழுக்க விசைத்தறி. நைனா வீட்டுச் சுவரை ஒட்டியே வள்ளியம்மாவின் தறிக்கூடம். காலை ஏழு மணிக்குத் தறி ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். நைனா கத்தியிருக்கிறார். கைக்கு எட்டிய எவர்சில்வர் டம்ளரால் சுவரைத் தட்டியிருக்கிறார். அந்தச் சத்தத்தில் ஒரு டம்ளரை யார் கேட்பார்கள்?

மூன்று மணிக்கு மின்வெட்டு. தறிகள் நின்றன. காது அடைப்பு விலகியதும் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ முனகல் கேட்டதாக வள்ளியம்மா சொன்னாள். முதலில் பூனை என்று நினைத்தாளாம்.

ஆம்புலன்ஸ் கூப்பிட ஒரு நம்பர் என்பதெல்லாம் எங்கள் பக்கத்துக்கு வராத காலம் அது. நாலு பேர் சேர்ந்து அவரை அக்குளில் கைகொடுத்து நிற்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வலியில் அலறியதும் நாற்காலியில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்திருக்கிறார்கள். அன்பில் செய்ததுதான். ஆனால் விழுந்த முதியவரை உடனே நிற்க வைக்கக் கூடாது. கால் கோணியிருந்தால் அசைக்காமல், பலகை போல ஏதாவது ஒன்றில் படுத்தபடியே தூக்க வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வாயில் எதுவும் கொடுக்கவும் கூடாது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. கடைசியில் புடவைக் கட்டு ஏற்றிப் போகும் வேனில் படுக்க வைத்து, வள்ளியம்மாவும் கூட ஏறிக்கொண்டு, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குக் கொண்டுவந்தார்கள்.

தொடை எலும்பின் கழுத்து உடைந்திருந்தது (இடுப்பு மூட்டில் பொருந்தும் மேல்நுனிப் பகுதி). ஆனால் டாக்டரின் கவலை முதலில் அதைப் பற்றியதாக இல்லை. ஒரே பக்கமாக நெடுநேரம் தரையில் கிடந்தால் உடம்பின் எடையாலேயே தசை நசுங்கிச் சிதையும், அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும் என்று சொன்னார். நைனாவின் சிறுநீர் பால் விடாத டீயின் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. சிறுநீரகம் தேறினால்தான் ஆபரேஷன்.

இதற்கு முன் விழுந்திருக்கிறாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். எனக்குப் பின்னால் சுவரோரம் நின்றிருந்த வள்ளியம்மா மெதுவாகச் சொன்னாள்: "மூணு வாட்டி வுழுந்துகிறாரு சார்."

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கினாருக்கா. உனுக்குத் தெரிஞ்சா கூட்டிக்கினு பூடுவேன்னு சொன்னாரு. ரெண்டு வாட்டி நான்தான் தூக்கி உக்கார வெச்சேன்."

அவள் மீது வந்த கோபத்தை அன்று என்னால் மறைக்க முடியவில்லை. வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டேன். அவள் போகவில்லை. நடையின் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சத்தியத்தைக் காப்பாற்றியவள் அவள். நான் மூன்று மாதம் முன்பு நைனாவின் முழங்கையில் கன்றிப்போன நீலத்தைப் பார்த்து, கதவில் இடித்துக்கொண்டேன் என்று அவர் சொன்னதை வசதியாக நம்பியவள். ஒரு தடவை விழுந்தவர் மறுபடி விழுவார், அதனால் முதல் விழுதலைப் பற்றித்தான் கட்டாயம் கேட்க வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார். உங்கள் வீட்டு முதியவரிடம் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். திட்டினால் அடுத்த தடவை நிச்சயம் மறைப்பார்கள்.

ஐந்தாம் நாள் ஆபரேஷன் நடந்தது. எலும்பு சரியாகப் பொருந்தியது. மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் நைனா வேறு ஆளானார். டெலிரியம் (வயதானவர்களுக்கு அறுவைக்குப் பின் வரும் திடீர்ச் சித்தக் குழப்பம்) என்றார்கள். பெரும்பாலும் தானே விலகிவிடும் என்றார்கள். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியாது.

கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் ஸ்டியரிங் போலப் பிடித்துக்கொண்டார். வலது காலை அழுத்தப் பார்த்தார்.

"பிரேக்கு புடிக்கல. பாகாலா தாண்டிட்டம். ஜனங்கள எறக்கி வுடு."

இது ஆஸ்பத்திரி நைனா, நீ கட்டிலில் படுத்திருக்கிறாய் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய பயம் அதிகமானது. வயதான நர்ஸ் ஒருவர் வந்து விளக்கைப் போட்டார். நைனாவின் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிவிட்டார். வாதாடாதேம்மா, கையைப் பிடித்துக்கொள், அவர் இருக்கும் இடத்துக்கே போய்ப் பேசு என்றார்.

நான் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "வண்டி நின்னுடுச்சி நைனா. எல்லாரும் எறங்கிட்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு என் தோளுக்கு மேலே, வார்டின் கோடியைப் பார்த்தார்.

"கடசி சீட்டுல ஒருத்தரு இருக்காரு. எறங்கல. பாரு."

திரும்பிப் பார்த்தேன். காலிக் கட்டில் ஒன்றுதான் இருந்தது. விரிப்பைக்கூட எடுத்திருந்தார்கள். அவரும் இறங்கிவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் சொன்னேன். நைனா நம்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அவருடைய வேட்டி துணிமணிகளை எடுத்துவர நான் நகரிக்குப் போனது அதற்கு மறுநாள் காலை. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனேன். அவர் விழுந்த இடத்தை வள்ளியம்மா கழுவித் துடைத்திருந்தாள். டம்ளர் மட்டும் சுவரோரம் நசுங்கிக் கிடந்தது. சுவரில் அரையடி உயரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து வட்ட வட்டமாக அடையாளங்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. அந்த இடத்தில் அவர் கிடந்தது போலவே வலது பக்கமாகப் படுத்தேன். டெலிபோன் ஸ்டூல் மேல் இருந்தது. கீழே தொங்கிய ஒயர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. கையை நீட்டினேன், எட்டவில்லை. வலது காலை அசைக்காமல் எழப் பார்த்தேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. என்னாலும் எழ முடியவில்லை.

பிறகுதான் அதை உணர்ந்தேன். தரை அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தறிகளின் ஓட்டம் சுவரின் அடி வழியாக வந்து, தரையில் ஏறி, என் இடுப்பெலும்பில், தோளில், காதில் அதிர்ந்தது. நின்றால் தெரியாது. படுத்தால் உடம்பு முழுக்க அதுதான். ஓடும் பஸ்ஸின் தரை போலவே இருந்தது. அவர் ஓட்டிக்கொண்டிருந்தது எந்த வண்டி, ஏன் நிறுத்த முடியவில்லை என்று எனக்குப் புரிந்துபோனது.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ. வள்ளியம்மா தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்துப் பயந்துபோனாள். என் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள்.

"எழுந்துருக்கா. நான் அன்னிக்கி ஒரு வாட்டி எட்டிப் பாத்திருக்கலாம். அதையே நெனச்சிக்கினு இருக்கறேன்."

நானும்தான் என்று சொன்னேன். அவள் கொடுத்த கையைப் பிடித்து எழுந்தேன்.

மூன்று வாரம் கழித்து நைனாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். குழப்பம் தெளிந்திருந்தது. துருத்திக்கொண்டிருந்த இடுப்பெலும்பின் மேல் வந்த படுக்கைப்புண் ஆற இரண்டு மாதம் ஆனது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தம்பி இருபது நாள் லீவில் வந்து, அவரைக் குளிப்பாட்டி, ஷேவ் செய்துவிட்டு, ஏர்போர்ட்டுக்குப் போகும்போது அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

எலும்பு கூடியது. பயம் போகவில்லை. வாக்கரை (நான்கு கால் உள்ள நடைச்சட்டம்) பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் அடி எடுத்து வைக்க மாட்டார். பிசியோதெரபி செய்ய வந்த பெண் பொறுமைசாலி. நடக்க மட்டுமல்ல, விழுந்தால் எப்படி எழுவது என்றும் கற்றுக்கொடுத்தாள். பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, தவழ்ந்து போய், அசையாத நாற்காலியைப் பிடித்து ஒரு காலை ஊன்ற வேண்டும். எழ முடியாவிட்டால் ஒரே பக்கம் கிடக்காமல் புரண்டுகொண்டே இருக்க வேண்டும். நைனாவால் அதைச் செய்ய முடியவில்லை. பார்த்துக்கொண்டிருந்த நான் கற்றுக்கொண்டேன். ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் குறைத்தார்கள். நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கியதுதான் எல்லா விழுதலுக்கும் காரணம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் தடவையே யாராவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கேட்க வேண்டியதை நானும் பல மாதம் கேட்கவில்லை. ஒரு நாள் மதியம் சோறு ஊட்டிவிட்டு வாயைத் துடைக்கும்போது கேட்டுவிட்டேன். "அன்னிக்கி ஃபோன் அட்ச்சது கேட்டுச்சா நைனா?"

"கேட்டுச்சி. காது வெச்சிக்கினு படுத்திருந்தேன்ல. நீதான்னு தெரியும்."

நான் அவருடைய தாடையையும் துடைத்தேன்.

"நாலு வாட்டி அட்ச்ச. அட்ச்சிக்கினு இருக்கும்போது ஒண்ணும் தெரில. வூட்ல ஆளு இருக்கற மாரி இருந்துச்சி. நின்னா மட்டும்தான்…" என்றவர், கொஞ்சம் கழித்து, "இன்னும் ரெண்டு மணி அடிக்க வுட்டு வெச்சிருக்கலாம் நீ" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. மோரில் உப்பு குறைவு என்று சொல்வது போலச் சொன்னார்.

ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார். நிமோனியாவில் (நுரையீரல் அழற்சி) போனார், கட்டிலில், நானும் என் கணவரும் பக்கத்தில் இருக்க. கடைசி மாதங்களில் வாசல்வரை நடந்தார். நன்றாகவே பார்த்துக்கொண்டீர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஒன்றரை வருடம் எனக்கு ஒரு வாரம் போலத்தான் நினைவில் இருக்கிறது. அந்த ஏழு மணி நேரம் மட்டும் இன்னும் முடியவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். மணி பத்தரை ஆகியிருக்கும். அவர் விழுந்து இரண்டரை மணி நேரம் ஆகிறது, இன்னும் நாலரை இருக்கிறது என்று உடம்புக்குள் ஏதோ கணக்குப் பார்க்கும்.

எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. என் கணவர் இல்லை. மகள் ஹைதராபாத்தில் இருக்கிறாள். போன மாதம் குளியலறை வாசலில் தடுக்கி விழுந்தேன், அடி ஒன்றும் இல்லை. அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்வதற்குள் வெட்கமாக இருந்தது. விழுவதில் இத்தனை வெட்கம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

காலையில் விழித்ததும் எழுவதில்லை. கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு உட்காருகிறேன். தலைக்கு ரத்தம் ஏற ஒரு நிமிடம் வேண்டும். முன்பெல்லாம் என் உடம்பும் நானும் ஒன்றாகவே எழுந்தோம். இப்போது நான் விழித்த பிறகும் அது வந்து சேரக் காத்திருக்கிறேன். பாதம் மெதுவாக இறங்கித் தரையைத் தொடுகிறது. தரை அசையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருக்கிறது. பிறகு நிற்கிறேன்.